கரையேற்றியவர் பெயர்

கருநதி என்று ஓர் உலகம். எந்த வரைபடத்திலும் கிடைக்காது. போனிலோ கணினியிலோ அந்த சர்வருக்குள் நுழைந்தால் மட்டும் ஓர் ஆறு தெரியும். ஆற்றின் கரையில் நீலவாய் என்ற நகரம். நகரத்துக்குப் பின்னால் யாளிகள் திரியும் மலை. எல்லாமே எழுத்தால் கட்டியது.

உள்ளே வருகிறவர் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்ள வேண்டும். கொல்லன், ஒற்றன், மருத்துவச்சி, மந்திரக்காரன், எதுவானாலும் சரி. அந்த வேடம் என்ன பேசுகிறது, என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். இன்னொருவர் தன் வேடத்திலிருந்து பதில் எழுதுவார். அப்படியே கதை நடக்கும். எழுநூறு பேர் விளையாடினார்கள்.

புதிதாக வருகிறவர் நேரே நகரத்துக்குள் போக முடியாது. முதலில் ஓடத்துறையில் இறங்க வேண்டும். அங்கே துறைக்காரர் ஒருவர் இருப்பார். புதியவரோடு சில நாள் விளையாடி, பழக்கி, நகரத்துக்கு அனுப்பிவைப்பது அவர் வேலை. நகரத்தில் ஒரு தொழிலில் அமர்ந்த பிறகு, புதியவர் தன் பக்கத்தில் ஒரு வரி எழுதுவார். ‘என்னைக் கரையேற்றியவர்’ என்று போட்டு, ஒரு பெயர். எழுதியே ஆக வேண்டும் என்று விதி இல்லை. எழுதாதவர் யாரும் இல்லை.

நான்கு ஆண்டுகள் அந்தப் பெயர் ஓங்காரன்.

ஓங்காரன் என்ற ஓடக்காரனாக எழுதியவர் அர்த்தநாரி. வயது ஐம்பத்துமூன்று. திருச்செங்கோட்டுச் சாலையில் ஓர் எடைமேடையில் வேலை. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி மேடையில் ஏறும். எடை பார்ப்பார், சீட்டு அடித்துக் கொடுப்பார், லாரி இறங்கும். அடுத்த லாரி வரும்வரை அவர் ஆற்றங்கரையில் இருப்பார்.

எட்டு மாதமாக அந்தப் பெயர் மாறத் தொடங்கியிருந்தது.

வாணியம்பாடியில் தையல்கடை வைத்திருக்கும் மும்தாஜ் என்பவர் துறையில் உதவிக்கு வந்திருந்தார். உப்புக்காரி செண்பா என்ற வேடம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரைக் கரையேற்றியதே அர்த்தநாரிதான். “எதைத் தட்டினா எழுத்து வரும்?” என்று முதல் நாள் கேட்டவர். இப்போதும் ஒன்றிரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை. அதிலும் இரண்டு பிழை.

அர்த்தநாரி புதியவர்களுக்காக ஒரு நூலே எழுதிவைத்திருந்தார். நாற்பத்தொரு பக்கம். கருநதியின் சட்டம், வரலாறு, எந்த மந்திரத்துக்கு எவ்வளவு வலிமை, யாளியை எப்படி அழைக்க வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. புதியவர் இறங்கியதும் ஓங்காரன் மூடுபனியை விலக்கிக்கொண்டு வருவான். முப்பது வரியில் வருவான். துடுப்பின் ஓசை, நதியின் நிறம், அவன் கண்ணில் இருக்கும் சோகம். படித்துவிட்டுப் புதியவர் “சூப்பர் சார்” என்று எழுதுவார்.

அந்த மாதம் பதினொரு பேர் நகரத்துக்குள் போயிருந்தார்கள். பத்துப் பேர் செண்பா என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் ஓங்காரன் என்று எழுதினார். அவரும் மறுநாள் திருத்தி, ‘செண்பாவும்’ என்று சேர்த்துவிட்டார்.

அந்த ‘உம்’மை அர்த்தநாரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வண்டி ஏத்தி அரை மணி ஆச்சு. எடையப் போடுங்க, அப்புறமா போனப் பாருங்க” என்றார் லாரி டிரைவர்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி தெய்வானை கேட்டார்.

“என்னுங்க ஆச்சு?”

“புதுசா வர்றவங்களுக்கு வழி சொல்றதுல ஒரு சிக்கலு.”

“நம்ம ஊட்டுக்கு வந்தவங்களுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுக்க எந்திரிக்க மாட்டீங்க. அங்க போயி யாருக்கு வழி சொல்றீங்க?”

அர்த்தநாரி தனக்கு என்னதான் ஆகிவிட்டது என்று யோசித்தார். சம்பளம் இல்லை. பதவி இல்லை. ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாத ஊர். அங்கே யாரோ ஒருவரின் பெயர் எழுதப்பட்டதற்கு இங்கே இவருக்கு ஏன் சோறு இறங்கவில்லை? தன்னையே கேட்டுப் பார்த்தார். பதில் வரவில்லை. சோறும் இறங்கவில்லை.

கருநதியைக் கட்டியவர் தூத்துக்குடி ஜெசிந்தா. கப்பல் ஏஜென்சி ஒன்றில் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறவர். வயது முப்பத்தொன்று. ஆனாலும் உள்ளே இருந்த எழுநூறு பேருக்கும் அவர் ஆசான். ஒரு வேடத்துக்குள் எப்படிப் போவது, போன பிறகு எப்படி வெளியே வருவது என்று அர்த்தநாரிக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இருபத்திரண்டு வயது மூத்தவராயிருந்தும் அர்த்தநாரி அவரை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை, ஆசானின் மதிய இடைவேளையில், அர்த்தநாரி போன் செய்தார்.

“ஆசானே, ஒரு சந்தேகமுங்க.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“புதுசா வர்றவங்கள எப்படிப் பழக்கறதுங்க?”

மறுமுனையில் டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தம் கேட்டது.

“நாலு வருசமா அதத்தான செய்யுதீய. இது உங்க கேள்வி இல்ல. உங்க கேள்வியக் கேளுங்க.”

அர்த்தநாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“துறையில ரெண்டு பேரு எதுக்குங்க?”

“ம்.”

“நான் அந்தம்மாவத் தப்பா சொல்லலீங்க. நல்லவங்கதான். ஆனா சட்டம் ஒண்ணும் சொல்லித் தர்றதில்ல. புதுசா வந்தவன் வாளுக்குப் பதிலா துப்பாக்கின்னு எழுதறான். அதையும் விட்டுர்றாங்க. பிழையா எழுதறாங்க. வந்தவங்கள ஒரு வாங்கன்னு கூடச் சொல்றதில்லையாமா.”

“நீங்க பாத்தீயளா?”

“கேள்விப்பட்டனுங்க.”

“ம்.”

“இப்படியே போனா கருநதி கருநதியா இருக்காதுங்க ஆசானே. துறைய ஒருத்தர் கையில குடுங்க. அவங்களுக்கு நகரத்துக்குள்ள வேற ஏதாச்சும் பொறுப்புக் குடுங்க.”

“யாரு கையில?”

அர்த்தநாரி மேசைமேல் கிடந்த எடைச்சீட்டுகளை நேராக்கி அடுக்கினார்.

“வாயத் திறந்து சொல்லுங்க அண்ணாச்சி. தூத்துக்குடிக்குக் கேக்கட்டும்.”

“எங்கையிலதானுங்க.”

ஆசான் ஒரு கவளம் சாப்பிட்டு முடித்தார்.

“வெள்ளிக்கிழமை சொல்லுதேன். அதுக்கு முன்ன ஒரு காரியம் செய்யணும்.”

“சொல்லுங்க.”

“வேற பேருல ஒரு கணக்குத் தொடங்குங்க. ஒண்ணும் தெரியாத ஆளா துறையில இறங்குங்க. மும்தாஜ் நேரத்துல.”

“வேவு பாக்கவாங்க?”

“நீங்க எதுக்குப் போறீயளோ அதுக்கு.”

வேவு பார்க்கத்தான் போனார். எடைமேடை அறையில், எடைச்சீட்டுகளுக்குப் பக்கத்தில், ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டார். மேலே ‘குறைகள்’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சொக்கன் என்ற பெயரில் துறையில் இறங்கினார்.

“யாருப்பா அது?” என்று எழுதினாள் செண்பா. “சட்டுனு வா. இந்தக் கழுதயப் புடி. மூட்ட சரியுது.”

வணக்கம் இல்லை. வரவேற்பு இல்லை. அர்த்தநாரி நோட்டில் முதல் குறையை எழுதினார். பிறகு, சும்மா இருக்க முடியாது என்பதால், சொக்கனாக எழுதினார்.

“பிடித்தேன்.”

“இறுக்கிப் புடி. பேரு அமைச்சர்.”

“கழுதைக்கா?”

“ஆமா. வேல செய்யாது. மரியாத மட்டும் கொறயக் கூடாது.”

அர்த்தநாரி சிரித்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியே நின்ற டிரைவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

சிரித்ததற்காக அர்த்தநாரிக்குத் தன்மேல் கோபம் வந்தது. சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். கருநதியில் இயந்திரம் கிடையாது. முதல் சட்டமே அதுதான். புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறும் அதுதான். யாராவது அப்படி எழுதினால் ஓங்காரன் உடனே கதையை நிறுத்துவான். இரட்டை அடைப்புக்குறி போடுவான். அந்தக் குறிக்குள் எழுதுவது கதைக்கு வெளியே பேசும் பேச்சு. ஏழாம் பக்கத்தைப் படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்வான்.

அவர் எழுதினார்: “கொஞ்சம் இருங்கள். என் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு வருகிறேன்.”

காத்திருந்தார். இதைப் பார்த்தும் கதையை நிறுத்தாவிட்டால் இரண்டாவது குறை. நிறுத்தினால், தன் வழிதான் சரி.

செண்பா எழுதினாள்: “கட்டிப் போட்டியா?”

“எதை?”

“நீ ஏறி வந்தத. அவுத்து விட்டா இங்க ஆத்துல எறங்கிரும். போன வாரம் ஒருத்தரோட ஒட்டகம் போச்சு.”

அர்த்தநாரியின் விரல் நின்றது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான்கு ஆண்டுகளில் அப்படி ஆனதில்லை.

“கட்டிவிட்டேன்” என்று எழுதினார்.

“என்ன திங்கும்?”

“எண்ணெய்.”

“நல்லெண்ணெயா?”

“இல்லை. நாற்றமடிக்கும் எண்ணெய்.”

“அப்ப யாளி குளிக்கிற கொளத்துக்குத்தான் போவணும். தண்ணி மேல எண்ணெ மெதக்கும்பாங்க. நான் போனதில்ல. தனியாப் போவப் பயம். நாளைக்குக் கூட வரியா?”

அர்த்தநாரி நோட்டை எடுத்தார். ‘2. பைக்’ என்று எழுதினார். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று பிடிபடவில்லை. மேடையில் ஏதோ லாரி ஏறியது. போய் எடை பார்த்தார். திரும்பி வந்தும் அந்த வரி அப்படியே இருந்தது.

புதன்கிழமை யாளிக் குளத்துக்குப் போனார்கள். வழி நெடுக செண்பா பயந்தாள். இலை அசைந்தால் பயந்தாள். சொக்கன் முன்னால் நடக்க வேண்டியிருந்தது. குளத்தின் கரையில் யாளி வந்து நின்றது. செண்பா கழுதைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“சொக்கா, எதாவது செய்யேன்!”

யாளியை அழைக்க மூன்று மந்திரம் உண்டு. மூன்றும் அர்த்தநாரி தம் நூலில் எழுதியவை. சொக்கனுக்கு அவை தெரியக் கூடாது. அவர் யோசித்தார். மூட்டையைப் பிரித்து ஒரு கை உப்பை எடுத்துப் பாறைமேல் வைத்தார். யாளி குனிந்து நக்கியது.

“அய்யோ” என்று எழுதினாள் செண்பா. “பத்து வருசமா உப்பு விக்கிறேன். எனக்கு இது தோணலயே!”

எண்ணெய் கிடைத்தது. பைக் வயிறு நிறையத் தின்றது. அமைச்சர் அதைப் பார்த்துப் பொறாமையில் கத்தினார்.

அன்று இரவு அர்த்தநாரிக்குச் சோறு இறங்கியது. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்றார். தெய்வானை அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

படுப்பதற்கு முன் அவர் ஓங்காரனின் பழைய வரவேற்பைத் திறந்தார். மூடுபனி, துடுப்பு, நதியின் நிறம். அந்த முப்பது வரிகளுக்குள் சொக்கன் எங்கே நிற்பான் என்று தேடினார். முதலிலிருந்து ஒருமுறை, கடைசியிலிருந்து ஒருமுறை. பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

குணமாகிவிட்டது என்றுதான் நினைத்தார். வியாழக்கிழமை காலை, அரை மணி முன்னதாகவே துறைக்குப் போனார்.

செண்பா இருந்தாள். கூட இன்னொருத்தியும் இருந்தாள். ஆதிரை என்று பெயர். அப்போதுதான் இறங்கியிருந்தாள்.

“வணக்கம். இங்கே யாராவது இருக்கீங்களா?” என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே செண்பாவின் பதில்.

“வாம்மா, வா. இந்த முடிச்ச அவுத்து விடு. என் வெரல் வலிக்குது.”

ஆதிரை முடிச்சை அவிழ்த்திருந்தாள். அவிழ்த்ததோடு நிற்கவில்லை. ‘என் அம்மாயி போடுற முடிச்சு மாதிரி இருக்கு, பல்லால கடிச்சாத்தான் வரும்’ என்று எழுதியிருந்தாள். செண்பா அதற்கு விழுந்து விழுந்து சிரித்திருந்தாள். ‘அப்ப நீதான் எனக்கு வேணும். எம்பல்லு ஆடுது’ என்று எழுதியிருந்தாள்.

அர்த்தநாரி அந்த வரியைத் திரும்பப் படித்தார். நீதான் எனக்கு வேணும்.

சொக்கனிடம் அப்படிச் சொல்லவில்லை.

“சொக்கா, வந்துட்டியா?” என்று எழுதினாள் செண்பா. “அமைச்சரப் புடிச்சுக்க. நான் ஒரு நட போயிட்டு வந்துர்றேன், சந்தைல ஆளுங்க வந்துட்டாங்க. இந்தப் புள்ளயக் கொஞ்சம் பாத்துக்க.”

மும்தாஜின் தையல்கடைக்கு யாரோ வந்திருக்க வேண்டும். செண்பாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது.

துறையில் சொக்கனும் ஆதிரையும் மட்டும் நின்றார்கள்.

“அண்ணா, நான் அடுத்து என்ன செய்யணும்?” என்று கேட்டாள் ஆதிரை.

அர்த்தநாரிக்குத் தெரியும். எதைச் செய்யலாம், எங்கே போகலாம், எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எல்லாம் தெரியும். கருநதியில் ஆசானுக்கு அடுத்தபடி அவருக்குத்தான் தெரியும்.

அவர் எழுதினார்: “கழுதையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.”

“ஓ. நீங்களும் புதுசா?”

பதில் எழுதவில்லை.

“இந்த மூட்டைய நான் தூக்கலாமா? தூக்கினா தப்பாயிருமா?”

எழுதவில்லை.

மேடையில் ஒரு லாரி ஏறியது. மக்காச்சோளம். அர்த்தநாரி எழுந்து போனார். எடை பார்த்தார். மறுபடி பார்த்தார். சீட்டில் வண்டி எண்ணை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். டிரைவரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அவர் ஒரு நாளும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. டிரைவர் தாவணகெரே என்றார். அங்கே மழை உண்டா என்றும் கேட்டார்.

திரும்பி வந்தபோது துறையில் இரண்டு வரி இருந்தது.

“யாராவது இருக்கீங்களா?”

“சரி. பரவாயில்ல.”

அதற்குக் கீழே, சர்வர் தானாகப் போடும் வரி: ஆதிரை கரையை விட்டுச் சென்றார்.

உள்ளே ஏதோ இளகியது. நிம்மதியாக இருந்தது. அது நிம்மதிதான் என்று தெரிந்துகொள்ள அவருக்குச் சிறிது நேரம் ஆயிற்று. தெரிந்த பிறகு நாற்காலியில் உட்கார முடியவில்லை. அறைக்கு வெளியே வந்து, காலியாகக் கிடந்த எடைமேடைமேல் போய் நின்றார். உள்ளே திரும்பி எடைக்கருவி காட்டிய எண்ணைப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து செண்பா வந்தாள்.

“எங்க அந்தப் புள்ள?”

“போய்விட்டாள்” என்று எழுதினார்.

“அடடா. நீ எதாவது பேசினியா?”

அர்த்தநாரி போனை அணைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆசானே கூப்பிட்டார்.

“என்ன அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?”

“ஆச்சுங்க.”

“பொய் சொல்லாதீய.”

“இல்லீங்க. சாப்பிடல.”

“துறைய யாரு கையில குடுக்கணும்னு கேட்டீயள்லா. சொல்லட்டா?”

“எனக்கு வேண்டாமுங்க ஆசானே.”

“திங்கட்கிழமை வேணும்னீய.”

“அந்தம்மாவே பாத்துக்கட்டுமுங்க. அவங்கதான் சரி.”

“அவங்க பாக்க முடியாது. ஆவணி முகூர்த்தம் வருது. கடையில ரவிக்கை குவிஞ்சு கெடக்கு. இன்னையோட துறைய விட்டுப் போறாங்க.”

அர்த்தநாரி எழுந்து நின்றார்.

“எப்பச் சொன்னாங்க?”

“போன வாரம். நீங்க போன் பண்ணுததுக்கு முன்னயே.”

“திங்கட்கிழமையே நீங்க சொல்லியிருக்கலாமுங்களே.”

“சொல்லியிருக்கலாம்.”

தூத்துக்குடியில் ஏதோ கப்பலின் சங்கு ஊதியது. திருச்செங்கோட்டுச் சாலையில் ஒரு பஸ் போயிற்று.

“துறைய யாருக்குக் குடுக்கச் சொன்னாங்கன்னு கேக்க மாட்டீயளா?”

“யாருக்குங்க?”

“உங்களுக்கு. ‘அவரு நாலு வருசம் தனியா நின்னாரு, நான் எட்டு மாசத்துல களைச்சுப் போயிட்டேன்’னாங்க.”

இது வேறு மாதிரி வலித்தது. இந்த வலிக்கு யாரைக் கோபித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெருந்தன்மையும் தனக்கு வராத ஒன்று என்றுதான் முதலில் தோன்றியது. இதற்கும் பொறாமையா என்று கேட்டுக்கொண்டார். ஆமாம் என்றுதான் பட்டது.

“சொக்கன் நாந்தான்னு அவங்களுக்குத் தெரியுங்களா?”

“அவங்க கேக்கல. நானும் சொல்லல.”

“ஆசானே.”

“சொல்லுங்க.”

“நேத்து ஒரு புள்ள வந்துச்சு. ஆதிரைன்னு. அந்தம்மா அத எங்கிட்ட விட்டுட்டுப் போனாங்க. என்ன செய்யணும்னு எங்கிட்டக் கேட்டுச்சு. எனக்குத் தெரியும். நான் சொல்லல.”

“ஏன்?”

“அதுகிட்ட அந்தம்மா நல்லாப் பேசுனாங்க.”

“ம்.”

“அவ்வளவுதானுங்க. வேற காரணம் ஒண்ணுமில்ல. அது கேட்டுக் கேட்டுப் பாத்துட்டுப் போயிருச்சு. போனதும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சுங்க ஆசானே. ஐம்பத்துமூணு வயசு. சந்தோசமா இருந்துச்சு.”

மறுமுனையில் டிபன் பாக்ஸ் மூடும் சத்தம் கேட்டது.

“எனக்கெல்லாம் துறையக் குடுக்காதீங்க. வேணும்னா துறையவே மூடுனாலும் மூடுங்க. எங்கிட்டக் குடுக்காதீங்க.”

“முடிச்சுட்டீயளா?”

“முடிச்சுட்டனுங்க.”

“கருநதிய விட்டுப் போறவங்க, ஏன் போறோம்னு ஒரு வரி எழுதிட்டுப் போகலாம். அது எனக்கு மட்டும்தான் வரும். அந்தப் புள்ளயும் எழுதிட்டுத்தான் போயிருக்கு.”



“என்னப் பத்திங்களா?”

“உங்களப் பத்தித்தான்.”

“படிங்க.”

“மனசு சரியில்லன்னா இன்னொரு நாள் படிக்கேன்.”

“இல்லீங்க. எனக்கு வேணும். என்ன திட்டியிருந்தாலும் முழுசாப் படிங்க.”

ஆசான் படித்தார். கூட்டாமல், குறைக்காமல், அந்தப் பெண் எழுதியிருந்தபடியே படித்தார்.

“‘எனக்கு இதெல்லாம் வராதுபோல, அதனால போறேன். ஆனா அங்க கழுதையப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் நிக்கிறார். என்ன பேசுறதுன்னு அவருக்கும் தெரியல. அவரும் என்னை மாதிரி புதுசுதான். ரொம்ப நேரமா தனியாவே நிக்கிறார். அவரை மட்டும் விட்டுராதீங்க. யாராவது போய்க் கொஞ்சம் பேசுங்க.’”

மேடையில் ஒரு லாரி ஏறி நின்றது. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

“அண்ணாச்சி, லைன்ல இருக்கீயளா?”

இருந்தார்.

“அதனாலதான் நான் இன்னைக்கு உங்களக் கூப்பிட்டேன்” என்றார் ஆசான்.